கவாரிஜ்களும் குற்றப் பொறுப்பும்: கூஃபாவில் வகுக்கப்பட்ட எல்லை

கூஃபாவின் பெரிய பள்ளிவாசலுக்குள் கிந்தா வாயில் வழியே நுழைந்த கஸீர் அல்ஹழ்ரமீ என்பார், ஐந்து பேர் கூடியமர்ந்து கலீஃபா அலீ (ரலி) அவர்களை ஏசிக்கொண்டிருக்கக் கண்டார். அவர்களுள் ஒருவன், அலீயைக் கொல்வேன் என்று இறைவன்மீது ஆணையிட்டுக் கூறினான். கஸீர் அவனைப் பற்றிக்கொள்ள, மற்றவர்கள் சிதறி ஓடினர். பிடிபட்டவனைக் கலீஃபாவின் முன் நிறுத்தியபோது, அவனை விட்டுவிடுமாறு ஆணை பிறந்தது. கொல்வதாக ஆணையிட்டவனையா விடுவது என்று கஸீர் திகைத்தார். தம்மைக் கொல்லாத ஒருவனைத் தாம் எவ்வாறு கொல்வது என்று கலீஃபா திருப்பிக் கேட்டார்கள். ஏசினானே என்றதற்கு, வேண்டுமானால் நீரும் அவனை ஏசிக்கொள்ளும், இல்லையேல் விட்டுவிடும் என்பதே விடையாயிற்று.

இச்செய்தியைத் தமது 'அல்மப்ஸூத்' நூலில் சட்ட ஆதாரமாகக் கொள்பவர், ஹனஃபீ மத்ஹபின் பேரறிஞர் ஸரக்ஸீ. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டினரான அவர், ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளாகிச் சிறையிலிருந்தபடியே அந்நூலின் பெரும்பகுதியை மாணவர்களுக்குச் சொல்லி எழுதுவித்தார். அரசுக்கு எதிரானவனின் உரிமை பற்றிய அவரது பக்கங்களைப் படிக்குங்கால் இது நம் நினைவில் நிற்க வேண்டியதே.

ஸிஃப்பீன் போரை (கி.பி. 657) அடுத்து நடுவர் தீர்ப்புக்கு உடன்பட்டதைக் குற்றமாகக் கருதிப் பிரிந்தவர்களே கவாரிஜ்கள். தீர்ப்பு இறைவனுக்கே உரியது என்ற அவர்களது முழக்கத்தை உண்மைச் சொல் என்றே ஏற்ற அலீ (ரலி) அவர்கள், அதைக்கொண்டு நாடப்படுவதுதான் பொய் என்றார்கள். எனினும் மூன்று உறுதிகளை வழங்கினார்கள். பள்ளிவாசல்களில் அவர்களைத் தடுப்பதில்லை; தம்மோடு கைகோத்திருக்கும்வரை பொதுநிதியில் அவர்களது பங்கை மறுப்பதில்லை; அவர்கள் தொடங்காதவரை போரைத் தொடங்குவதில்லை. தீவிரக் கொள்கையே குற்றமாகக் கொள்ளப்படவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிலைமையை மாற்றியது ஒரு கொலை. நபித்தோழர் கப்பாப் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வையும் கருவுற்றிருந்த அவருடைய துணைவியாரையும் கவாரிஜ்கள் வழிமறித்துக் கொன்றனர். அப்போதும் கலீஃபா கோரியது அக்கூட்டத்தின் அழிவையன்று. கொலையாளிகளை ஒப்படைக்குமாறே கேட்டார்கள். நாங்கள் அனைவருமே கொன்றோம் என்று அவர்கள் மறுமொழி கூறினர். தனிமனிதர் பொறுப்பைக் கூட்டத்தின் பொறுப்பாக மாற்றியது அரசன்று, கிளர்ச்சியாளர்களே என்பதை நாம் இங்குக் கவனிக்கிறோம். ஹிஜ்ரி 38இல் நஹ்ரவான் போர் மூண்டது. போர் முடிந்தபின், காயமுற்றுக் கிடந்த ஏறத்தாழ 400 பேர் சிகிச்சைக்காக அவரவர் உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டதாகத் தபரீ பதிவு செய்கிறார். கைப்பற்றிய தட்டுமுட்டுப் பொருள்கள் கூஃபாவின் திடலில் பரப்பி வைக்கப்பட்டன. தம் பொருளை அடையாளம் கண்டவர் எடுத்துச் சென்றனர். இறுதியில் ஒரு சமையல் பாத்திரம் எஞ்சியிருந்து, அதுவும் உரியவரைச் சேர்ந்தது என்பர்.

ஹிஜ்ரி 40, ரமளானில் இப்னு முல்ஜம் அலீ (ரலி) அவர்களை வெட்டினான். அலீ, முஆவியா, அம்ரு பின் அல்ஆஸ் (ரலி) ஆகிய மூவரையும் ஒரே நாளில் கொல்ல மக்காவில் மூவர் கூடித் தீட்டிய சதியின் ஒரு பகுதி அது. ஆட்சித் தலைவருக்கு எதிரான சதி என்பதற்கு இதனினும் முழுமையான எடுத்துக்காட்டு இராது. ஆயினும் படுகாயமுற்றுக் கிடந்த கலீஃபா, கைதிக்கு உணவும் நீரும் கொடுத்து நன்முறையில் வைத்திருக்கப் பணித்தார்கள். தாம் பிழைத்தால் மன்னிப்பதோ பழிவாங்குவதோ தம் உரிமை. இறந்தால் அவனைக் கொல்லலாம், அங்கங்களைச் சிதைக்கலாகாது என்றார்கள். மன்னிக்கவும் இடமுண்டு என்றால், அக்குற்றம் சாமானியன் ஒருவனின் கொலையைப் போன்றே கிஸாஸுக்கு உரியதாக எண்ணப்பட்டது என்பதே பொருள்.

இமாம் ஷாஃபிஈ (ஹிஜ்ரி 204இல் மறைவு) 'அல்உம்மு' நூலில் இதிலிருந்து ஒரு விதியை எடுக்கிறார். மார்க்க விளக்கம் ஒன்றைப் பற்றிக்கொண்டு, படைபலத்தோடு எதிர்ப்போரே 'பாகீ'கள். போர்க்களத்தில் அவர்கள் விளைத்த உயிர்ச்சேதத்துக்கும் பொருட்சேதத்துக்கும் பின்னர் அவர்களிடம் ஈடு கோரப்படுவதில்லை. இப்னு முல்ஜமிடம் விளக்கம் இருந்தது, படைபலம் இல்லை. ஆகவே அவன் கொலையாளி மட்டுமே. அலீ (ரலி) அவர்களின் வாரிசுகளில் சிறுவர்களும் இருக்க, அவர்கள் வளரக் காத்திராமல் தண்டனை நிறைவேற்றப்பட்டது எவ்வாறு என்பது மத்ஹபுகளிடையே நெடுநாள் விவாதம். வயது வந்த வாரிசுகளுக்கு அவ்வுரிமை உண்டு என்பதற்கு ஹனஃபீகள் இதையே சான்றாக்கினர். ராவுத்தர்களிடையே ஹனஃபீகளும் மரைக்காயர்களிடையே ஷாஃபிஈகளும் மிகுந்த நம் தமிழகத்து மத்ரஸாக்களுக்கு இவ்விரு நெறிகளும் அயலானவை அல்ல.

அப்படியாயின், வாள் உருவப்படும்வரை அரசு கைகட்டி நிற்க வேண்டுமா? இவ்வினாவே கடினமானது. 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 121-ஏ பிரிவு, அரசுக்கு எதிரான போருக்கு உடன்பட்டுச் சதி செய்ததே போதும், வேறு செயல் எதுவும் நிகழ வேண்டியதில்லை என்றது. இப்போது நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அக்கருத்து தொடர்கிறது. ஹனஃபீ அறிஞர்கள் அவ்வளவு தூரம் செல்லவில்லை. வெறுமனே இருந்துவிடவும் இல்லை. ஆயுதம் வாங்கிப் போருக்கு ஆயத்தமாகின்றனர் என்ற செய்தி எட்டினால், அவர்களைப் பிடித்து, மனம் திருந்தும்வரை சிறைவைக்கலாம் என்று 'ஹிதாயா' கூறுகிறது. பேச்சுக்கும் ஆயுதச் சேகரிப்புக்கும் இடையே கோடு இழுக்கப்படுகிறது. இது தக்க இடத்தில் இழுக்கப்பட்ட கோடு என்பது நம் கருத்து. ஆனால் அச்செய்தியை எட்டச் செய்பவர் யார், அதைச் சோதிப்பவர் யார் என்பதில்தான் எல்லாம் அடங்கியுள்ளது.

அதே கூஃபாவில் ஹிஜ்ரி 51இல் ஆளுநர் ஸியாத், ஹுஜ்ர் பின் அதீயின்மீது கலகக் குற்றம் சாட்டி, 70 பேர்வரை சாட்சிகளைத் திரட்டி எழுத்தில் பதிந்து ஷாமுக்கு அனுப்பினார். சாட்சிகளின் வரிசையில் ஷுரைஹ் பின் ஹானியின் பெயரும் இருந்தது. தம்மைக் கேளாமல் பெயர் சேர்க்கப்பட்டதை அறிந்த அவர், ஹுஜ்ர் தொழுகையையும் ஸகாத்தையும் பேணுபவர், அவரது உயிரும் உடைமையும் புனிதமானவை என்பதே தமது சாட்சியம் என்று முஆவியா (ரலி) அவர்களுக்கு மடல் எழுதினார். இவர் உங்கள் சாட்சியத்திலிருந்து தம்மை விலக்கிக்கொண்டார் என்ற அளவில் அம்மடல் எடுத்துக்கொள்ளப்பட்டது. கைதிகளுள் சிலர் உறவினரின் பரிந்துரையால் விடுதலை பெற்றனர். ஹுஜ்ருக்காகப் பேச ஆயிஷா (ரலி) அவர்கள் அனுப்பிய தூதர் திமிஷ்கை அடைந்தபோது, மர்ஜ் அத்ராவில் தண்டனை நிறைவேறி முடிந்திருந்தது.