புல்லின் இலைவாய்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழில் 'புல்' என்னும் சொல் நிலத்தில் முளைக்கும் பயிரினத்தைக் குறிக்கும், சிறுமையையும் குறிக்கும். புன்மை, புல்லறிவு, புல்லர் என்னும் வழக்குகள் இரண்டாம் பொருளின்பாற்பட்டவை. ஆயின் வைகையின் இருகரையிலும் வாழும் மக்களுக்குச் சோறிடுவன நெல்லும் சோளமும் கம்பும் கேழ்வரகுமே. இனிப்புத் தருவது கரும்பு. இவை யாவும் புல்லினமே. உயிர் வளர்க்கும் ஓர் இனத்தின் பெயரோடு இகழ்ச்சிப் பொருளும் ஒட்டிக்கொண்டது வியப்புக்குரியது. அவ்விகழ்ச்சி பொருந்துமா என்பதை அப்புல்லின் இலையே சொல்லும். இலையின் மேற்றோலில் கண்ணுக்குப் புலனாகாத நுண்வாய்கள் வரிசை வரிசையாக உள்ளன. புல் காற்றை வாங்குவதும் நீராவியை விடுவதும் அவற்றின் வழியே. அவ்வாய்கள் தோன்றும் முறையை மாந்தர் அறிந்த வரலாறு மூன்று நூற்றாண்டுக்கும் மேற்பட்டது.

தொல்காப்பியர் வகுத்த எல்லை

புல்லையும் மரத்தையும் வேறுபடுத்த முயன்ற தமிழ்நூல்களுள் பழமையானது தொல்காப்பியம். அதன் மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுக்கிறது. இவ்விதியின்படி தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லாகும். இன்றைய பயிரியலார் ஒருவித்திலைத் தாவரம் எனக் கூறும் பெருங்குழுவோடு இப்பகுப்பு பெரிதும் ஒத்துச் செல்கிறது. புல்லின் உறுப்புகளுக்குத் தோடு, மடல், ஓலை முதலிய பெயர்களையும், மரத்தின் உறுப்புகளுக்குத் தளிர், முறி முதலிய பெயர்களையும் அவ்வியல் தனித்தனியே கூறுவதும் நோக்கத்தக்கது. புல்லும் மரமும் தொடுவுணர்வு ஒன்றே உடையன என்பதும் அதன் கொள்கை.

இதனைக் கொண்டு, இலையின் நுண்வாய்களையும் தொல்காப்பியர் அறிந்திருந்தார் எனக் கூறின் அது மேடைக்கு இனிக்கலாம், ஆய்வுக்கு ஒவ்வாது. வெட்டிப் பார்த்த கையும் கூர்ந்து நோக்கிய கண்ணும் எட்டிய எல்லைவரை அவர் சென்றார். அவ்வெல்லைக்குள் அவர் கண்டது பிழைபடவில்லை. அவர் பெருமைக்கு அதுவே போதும். அதற்கு அப்பால் செல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி தேவைப்பட்டது.

கண்ணாடி காட்டிய வாய்

இத்தாலியரான மால்பீகி 1675-இலும், ஆங்கிலேயரான நெகமையா குரூ 1682-இலும் வெளியிட்ட பயிர் உள்ளமைப்பு நூல்களில் இலைத்தோலின் துளைகள் இடம்பெற்றன. பின்வந்த அறிஞர் அவற்றுக்கு 'வாய்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைப் பெயராக்கினர். ஒவ்வொரு துளையின் இருபுறமும் காவல் நிற்கும் இரண்டு உயிரணுக்கள் நீர் ஏறிப் புடைக்கும்போது துளை திறக்கிறது. நீர் இழந்து தளரும்போது மூடுகிறது. இவ்வியக்கத்தை ஜெர்மானிய அறிஞர் மோல் 1856-இல் ஆராய்ந்து விளக்கினார்.

பிற செடிகள் பலவற்றில் இக்காவலணுக்கள் அவரைவிதை போன்ற வடிவின. புல்லிலோ அவை உடற்பயிற்சியாளர் கையிற்கொள்ளும் இரட்டைத்தலைக் குண்டு போல நடுவில் ஒடுங்கி இருமுனையிலும் பருத்தவை. அவற்றின் பக்கங்களில் பக்கத்துக்கு ஒன்றாக இரு துணையணுக்களும் உண்டு. ஆக, நால்வர் கூடிய சிறு குடும்பமே புல்லின் இலைவாய். இந்நால்வரும் எவ்வாறு பிறக்கின்றனர் என்பதை அறிய, 1881-இல் அமெரிக்கரான காம்பெல் மக்காச்சோள இலையை ஆராய்ந்து எழுதினார்.

நால்வர் பிறப்பு

புல்லின் இலை அடியிலிருந்து வளர்வது. நுனி முதிர்ந்தது, அடி இளையது. மாடு நுனியை மேய்ந்த பின்னும் இலை மீண்டும் நீள்வது இதனாலேயே. ஆகவே, ஓர் இளவிலையை அடியிலிருந்து நுனிநோக்கிப் பார்த்துச் செல்வது, ஓர் ஊரின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து படிப்பதை ஒக்கும். வளர்ச்சியின் நிலைகள் அனைத்தும் ஒரே ஏட்டில் முறைபிறழாமல் கிடக்கின்றன.

இலையடியில் உயிரணுக்கள் நெடுவரிசைகளாக நிற்கின்றன. சில வரிசைகளில் மட்டும் ஓரணு சமமின்றிப் பிளவுபடுகிறது. நுனிப்பக்கம் அமைவது சிறியது. அடிப்பக்கம் அமைவது பெரியது. சிறியதே காவலணுக்களின் தாய். அடுத்து, இத்தாயின் இருமருங்கும் உள்ள வரிசைகளில் அதனை ஒட்டி நிற்கும் அணுக்களின் உட்கரு தாயின் பக்கம் நகர்கிறது. அவையும் சமமின்றிப் பிளந்து, பக்கத்துக்கு ஒரு துணையணுவைத் தருகின்றன. அதன் பின்னரே தாயணு நெடுக்காகச் சரிபாதியாய்ப் பிளந்து இரு காவலணுக்கள் ஆகிறது. பின்னர் நான்கும் நீள, நடுவே வாய் திறக்கிறது.

இம்முறையை 1960-இல் கலிபோர்னியாவில் ஸ்டெபின்ஸும் ஷாவும் நுணுகி ஆராய்ந்து வெளியிட்டனர். தாயணுவிடமிருந்து ஏதோ ஒரு தூண்டல் அண்டையணுக்களை அடைகிறது என்னும் கருத்து அவ்வாய்வின் வழி வலுப்பெற்றது. அத்தூது யாது என்பது 2017-இல் ஒரு புல்வகையில் தெளிந்தது. ராய்சிக், பெர்க்மன் முதலியோர், 'மியூட்' எனப்படும் புரதம் தாயணுவிலிருந்து அண்டையணுவுக்கு நடந்து சென்று அதனைத் துணையணுவாக மாற்றுவதைக் காட்டினர். அப்புரதத்தை இழந்த புல்லில் துணையணுக்கள் தோன்றவில்லை. அதன் வாய்கள் விரைந்து திறக்கவும் மூடவும் இயலாமல் தளர்ந்தன. அண்டையார் துணையின்றிக் காவல் சிறவாது என்பது புல் கற்ற பாடம்.

தமிழகத்தில் புல்லாய்வு

மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கம் பாண்டித்துரைத் தேவரால் 1901-இல் நிறுவப்பெற்றது. அதற்கு இருபது ஆண்டுகளின் பின், கோவை வேளாண்மைக் கல்லூரியின் கே. ரங்காச்சாரியார், தடுலிங்க முதலியார் துணையுடன் எழுதிய தென்னிந்தியப் புற்கள் பற்றிய கையேடு 1921-இல் சென்னை அரசு அச்சகத்தில் வெளிவந்தது. புல்லின் வகைகளோடு அதன் உள்ளமைப்பையும் அந்நூல் கூறுகிறது. நம் வயல்வரப்பின் அறுகு அதில் இடம்பெற்றது. ஆனால் நூல் ஆங்கிலத்தில் இருந்தது. அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்கும் முயற்சியை இராசாசி முதலியோர் 1916-லேயே சேலத்தில் தொடங்கியிருந்தனர். அம்முயற்சியும் இந்நூலும் அன்று ஒன்றோடொன்று கைகோத்திருப்பின், வரப்பில் நின்ற உழவர்க்கு அந்நூல் எட்டியிருக்கும்.

இன்று தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'இலைத்துளை' என்கின்றன. ஈழத்து நூல்கள் 'இலைவாய்' என்கின்றன. துளை, இடப்பட்டபடியே கிடப்பது. வாய், திறக்கவும் மூடவும் வல்லது. பொருளுக்கு இயைந்த சொல் ஈழத்தாருடையது எனலாம். அறிவியற் சொல் அமைப்பதில் பாவலர்க்கும் பங்குண்டு என்பதற்கு இவ்வொரு சொல்லே சான்றாகும்.

வறண்ட நிலத்தில்

பெரியாற்று நீர் 1895 முதல் மேலூர்ப் பக்கத்து வயல்களை நனைத்தது. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலங்களோ மழையை நோக்கியிருப்பவை. மழை பொய்த்த நாளில் சோளத்தோகை சுருள்வதை உழவர் அறிவர். இலையின் மேற்றோலில் உள்ள பெரிய நீரணுக்கள் தளர, இலை குழலாய்ச் சுருண்டு மேற்புற வாய்களை மறைக்கிறது, வாய்களும் மூடிக்கொள்கின்றன. நீர் மிஞ்சுகிறது, ஆனால் காற்று புகாமையால் உணவு ஆக்கம் குறைகிறது. தாகத்துக்கும் பசிக்கும் இடையே ஒவ்வொரு பகலும் புல் செய்யும் தேர்வு இது. அத்தேர்வின் முடிவே களத்துமேட்டில் நெல்லாகவும் சோளமாகவும் அளக்கப்படுகிறது.

புல்லை எளிமைக்கு உவமையாக்கிய பாவலர் மரபு நெடியது. நால்வர் கூடிக் காக்கும் அந்நுண்வாயை அறிந்தபின், 'புன்மை' என்னும் சொல்லை எழுதும் கை சற்றுத் தயங்குமாயின், அத்தயக்கம் தமிழுக்கு நன்மையே.