சொந்த ஊரில் தோற்ற காமராசர்

1967 பிப்ரவரி. விருதுநகர் தொகுதியில் வாக்குகளை எண்ணி முடித்தபோது காமராசர் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்றிருந்தார். அது அவர் பிறந்த ஊர். ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டவர். சாஸ்திரியையும் இந்திரா காந்தியையும் பிரதமர் நாற்காலியில் அமர்த்தியவர். அவரை வென்ற தி.மு.க. வேட்பாளர் பெ.சீனிவாசனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

தகுதியை மட்டும் பார்த்து மக்கள் வாக்களித்திருந்தால் இப்படி நடந்திருக்காது. காமராசர் கோட்டையை விட்டு வெளியேறி மூன்றாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மக்கள் கணக்குத் தீர்க்க நினைத்தது அவருக்குப் பின் முதலமைச்சரான பக்தவத்சலத்தின் ஆட்சியோடு. 1965 இந்தி எதிர்ப்பு மொழிப் போராட்டத்தில் பாய்ந்த குண்டுகளை ஊர்கள் மறக்கவில்லை. அரிசிக்கு அலைந்த அலைச்சலும் ஓயவில்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற தி.மு.க.வின் பேச்சு அடுப்படி வரை போய்ச் சேர்ந்தது. சீனிவாசனோ அந்த மொழிப் போராட்டத்திலிருந்தே வந்த மாணவர் தலைவர். தனிமனிதராக அவர் யார் என்று பலர் கேட்கவே இல்லை.

கோபம் மட்டும் போதுமா? போதாது. 1962-இல் சுமார் 46 சதவீத வாக்கோடு காங்கிரஸ் 139 இடங்களைப் பிடித்தது. எதிர்ப்பு வாக்குகள் பல பக்கம் சிதறியதே காரணம். அந்தத் தேர்தலில் தி.மு.க.வை நடத்திய அண்ணாவே காஞ்சிபுரத்தில், பேருந்து முதலாளியான நடேச முதலியாரிடம் தோற்றார். தமிழகத்தின் தலைசிறந்த பேச்சாளரை அவருடைய பேச்சு காப்பாற்றவில்லை. அதிலிருந்து அவர் கற்ற பாடம்தான் 1967-இன் கூட்டணி. ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்ட்டுகளும் முஸ்லிம் லீக்கும் தி.மு.க.வோடு ஒரே அணியில்! கொள்கையில் ஏழாம் பொருத்தம். ஆனால் ஒரு தொகுதியில் காங்கிரசை எதிர்க்கக் கூட்டணிக்கு ஒரே ஆள் என்பது உறுதியானது. காங்கிரஸ் அப்போதும் சுமார் 41 சதவீத வாக்கு வாங்கியது, தி.மு.க.வைவிடச் சற்றுக் கூடுதலாகவே. கிடைத்த இடங்களோ 51. தி.மு.க.வுக்கு 137.

அனுதாபமும் சேர்ந்தது. அதே தேர்தலில் பரங்கிமலையில் தி.மு.க. வேட்பாளரான நடிகர் எம்.ஜி.ஆர். பிரசாரத்துக்கே போகவில்லை. ஜனவரி 12-இல் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்தவரின் கழுத்துக்கட்டுப் படம் சுவரொட்டியாக ஊரெங்கும் போனது. 27,000-க்கும் அதிகமான வாக்குகளில் வென்றார்.

விருதுநகர் தோல்வியைக் காமராசரின் செல்வாக்கு சரிந்ததற்கான சான்றாகப் படிப்பது தவறு. நேசமணியின் மறைவால் காலியான நாகர்கோவில் மக்களவைத் தொகுதிக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. காமராசர் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்று டெல்லி போனார்.