ஸ்காட்லாந்தியரின் கடல்கடந்த குடியேற்றம்

1825க்கும் 1938க்கும் இடையில் ஸ்காட்லாந்திலிருந்து 23 லட்சத்துக்கும் அதிகமானோர் கடல் கடந்து சென்றனர். 1801இல் அந்நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 16 லட்சம்தான். மக்கள்தொகை விகிதப்படி 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மிகுதியானோரை வெளியே அனுப்பியவை அயர்லாந்து, நார்வே, ஸ்காட்லாந்து ஆகிய நாடுகள். முதல் இரண்டும் பெரும்பாலும் உழவையும் மீன்பிடிப்பையும் நம்பியிருந்தவை. ஸ்காட்லாந்தோ நிலக்கரி, இரும்பு, கப்பல் கட்டுமானம் என்று செழித்த தொழில்நாடு. அங்கிருந்தும் ஏன் இத்தனை பேர் கிளம்பினார்கள் என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வி.

வெளியேறும் வழக்கம் பழையது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்தியர் போலந்தில் ஊர் ஊராகச் சரக்கு விற்றனர். சுவீடன் அரசரின் படையில் கூலிவீரர்களாகச் சேர்ந்தனர். 1609 முதல் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் அரசே அவர்களைக் குடியேற்றியது. அவர்களது சந்ததியினரில் பலர் 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குச் சென்றனர்.

சொந்தக் குடியேற்ற நாடு அமைக்கும் முயற்சிகளில் டேரியன் திட்டமே பெருந்தோல்வி. இங்கிலாந்து வங்கி உருவாகக் காரணமான வில்லியம் பேட்டர்சன் வகுத்த திட்டம் அது. பனாமா நிலஇடுக்கில் துறைமுகம் அமைத்து இரு பெருங்கடல்களின் வணிகத்தையும் பிடிப்பது நோக்கம். 1698 ஜூலையில் லீத் துறைமுகத்திலிருந்து ஐந்து கப்பல்களில் சுமார் 1,200 பேர் புறப்பட்டனர். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அவர்களில் பலரை வாரிச் சென்றன. பேட்டர்சனின் மனைவியும் அங்கேயே இறந்தார். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டுக்கும் அரசரான வில்லியமின் ஆணையால் ஆங்கிலேயக் குடியேற்றங்கள் உதவ மறுத்தன. இரண்டாவதாக வந்த குழு 1700இல் ஸ்பானியரிடம் சரணடைந்தது. திட்டத்தில் முடங்கிய முதலீட்டுக்கு, இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒன்றான 1707இன் இணைப்பு ஒப்பந்தப்படி இங்கிலாந்து கொடுத்த 3,98,085 பவுண்டில் பெரும்பகுதி இழப்பீடாகப் போனது. அந்த இணைப்புதான் ஆங்கிலேயப் பேரரசின் வாசலை ஸ்காட்லாந்தியருக்கு முறையாகத் திறந்துவிட்டது.

ஹைலாண்ட்ஸ் என்னும் வடமேற்கு மலைப்பகுதியின் கதையே வெளியுலகில் அதிகம் பேசப்படுகிறது. 1773இல் 'ஹெக்டர்' கப்பலில் நோவா ஸ்கோஷியாவின் பிக்டூவில் இறங்கியோர் சுமார் 190 பேர். அப்போது குடிகள் போவதை நிலக்கிழார்கள் விரும்பவில்லை. கடற்பாசியை எரித்துக் கிடைக்கும் காரச்சாம்பல் சோப்புக்கும் கண்ணாடிக்கும் தேவைப்பட்டது; பாசி அறுக்க ஆள் வேண்டும். 1803இன் பயணிகள் கப்பல் சட்டம் பயணிகளின் நலனைச் சொல்லியே வந்தது. ஆனால் கப்பல் கட்டணத்தை ஏற்றி, ஏழைகளின் பயணத்தைத் தடுத்தது. நெப்போலியன் போர்கள் முடிந்ததும் மலிவான இறக்குமதி வந்து பாசித் தொழில் சரிந்தது. இப்போது அதே நிலக்கிழார் வர்க்கத்துக்குக் குடிகள் சுமையாயினர். ஆடுகளோ லாபம் தந்தன.

ஹைலாண்ட்ஸின் சதர்லாந்தில் 1814இல் ஆட்டுப்பண்ணைக்காக ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கின் வீடுகள் கொளுத்தப்பட்டன. அதை நடத்திய பண்ணை நிர்வாகி பேட்ரிக் செல்லர், அதற்காகத் தொடரப்பட்ட வழக்கிலிருந்து 1816இல் விடுதலையானார். அங்கே துரத்தப்பட்டோரில் பெரும்பாலோர் முதலில் தள்ளப்பட்டது கடற்கரைத் துண்டுநிலங்களுக்கே. கப்பலேற்றம் பலருக்குப் பிறகுதான் வந்தது. 1846இல் உருளைக்கிழங்கு நோய் தாக்கியபின் நிலக்கிழார்களே பயணக் கட்டணம் கட்டி அனுப்பத் தொடங்கினர். 1851இல் நிலக்கிழார் கார்டன் ஆஃப் குளூனி தம் தீவுகளிலிருந்து சுமார் 1,700 பேரைக் கனடாவுக்கு அனுப்பினார். சிலரைத் துரத்திப் பிடித்துக் கப்பலேற்றியதாக அக்காலச் செய்திகள் கூறின.

ஆயினும் எண்ணிக்கையில் பெரும்பான்மையினர் இவர்கள் அல்லர். தாழ்நிலப் பகுதியின் கைவினைஞர்களும் உழவர் பிள்ளைகளும் சுரங்கத் தொழிலாளர்களுமே அதிகம் சென்றனர். தொழிற்சாலை இருந்தும் கூலி இங்கிலாந்தைவிடக் குறைவு, வீட்டுவசதியும் மோசம். கைத்தறி நெசவாளியின் மகனான ஆண்ட்ரூ கார்னெகி 1848இல் குடும்பத்தோடு டன்ஃபர்ம்லைனை விட்டுச் சென்றதற்கு, விசைத்தறியிடம் தந்தை தோற்றதே காரணம். நீராவிக் கப்பல் வந்தபின் போவதும் வருவதும் எளிதாயின. அபர்டீன் கல்தச்சர்கள் அமெரிக்காவின் வெர்மான்ட் கருங்கல் குவாரிகளில் வேலை செய்தனர். போனவர் எல்லாரும் அங்கேயே தங்கிவிடவுமில்லை.

குடியேறிய இடங்களில் திருச்சபையும் பள்ளியும் உடனே எழுந்தன. 1848இல் நியூசிலாந்தின் டனீடனை நிறுவியது ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆதரவு பெற்ற குழு. அதன் போதகர் தாமஸ் பர்ன்ஸ், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் தம்பி மகன். அந்நாட்டின் முதல் பல்கலைக்கழகம் 1869இல் அங்கேதான் நிறுவப்பட்டது. கனடாவின் முதல் பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்ட் கிளாஸ்கோவில் பிறந்தவர்.

துரத்தப்பட்டவர்களின் வரலாறாக மட்டும் இதைச் சொல்வது பாதிக் கதை. ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் ஸ்காட்லாந்தியர் அடிமைகளின் உடைமையாளர்களாகவும் மேற்பார்வையாளர்களாகவும் இருந்தனர். ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்தில் 1843இல் வாரிகல் ஓடையருகே நடந்த பழங்குடியினர் படுகொலையை முன்னின்று நடத்தியவராகக் கருதப்படும் ஆங்கஸ் மெக்மில்லன், ஸ்கை தீவில் பிறந்தவர்.

ஆசியாவுக்கு வந்தோர் பெரும்பாலும் குடியேறிகள் அல்லர். சம்பாதித்துத் திரும்ப எண்ணியவர்கள். சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ கிளாஸ்கோக்காரர். 1852இல் இலங்கை வந்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். அத்தகைய தோட்டங்களை உருவாக்கிய உழைப்பு தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளருடையது. மன்றோவும் டெய்லரும் ஆசியாவிலேயே இறந்தனர்.

முதல் உலகப் போருக்குப் பின் கனரகத் தொழில்கள் தேய, வெளியேற்றம் உச்சம் தொட்டது. 1923இல் 'மெட்டகாமா' கப்பல் லூயிஸ் தீவின் இளைஞர்களைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்றது. 1921க்கும் 1931க்கும் இடையில் ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை சுமார் 40,000 குறைந்தது. 1945க்குப் பின் அரசு உதவிக் கட்டணத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போவோர் பெருகினர். 2000களின் தொடக்கத்திலிருந்து வெளியேறுவோரைவிட வந்து குடியேறுவோர் அதிகமாயினர்.