கரிபுனமும் தளிரும்

ஆரணி என்றதும் பட்டுத்தறியின் ஓசையே எவர்க்கும் நினைவுக்கு வரும். அவ்வூரை ஒட்டிச் செல்லும் கமண்டல நாகநதியோ மேற்கே சவ்வாது மலைக்காட்டில் பிறப்பது. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் அந்நதிக்கு மழையோடு காடும் வேண்டும். கோடைத்தீ கண்ட அத்தகைய காடு எவ்வாறு மீள்கிறது என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

தமிழகத்து மலைகளுக்குத் தீ புதிதன்று. கானவர் காட்டைச் சுட்டு விதைத்த நிலத்தைக் 'கரிபுனம்' என்கிறது புறநானூறு. புதுக்கொல்லைக்கு 'இதை', பழங்கொல்லைக்கு 'முதை' எனத் தனிச்சொற்களே இருந்தன. மலைபடுகடாம் போற்றும் நன்னனின் நாடும் சேயாற்றங்கரை மலைநாடே. சில ஆண்டுகள் விளைத்தபின் கொல்லையை விட்டு நகர்வது புனவேளாண்மையின் முறை. விட்ட நிலத்தைக் காடு மீட்டுக்கொண்டது. சுடுதலைவிட அந்த விடுதலே முதன்மையானது என்பது நம் துணிபு.

1882இல் சென்னை வனச்சட்டம் வந்தது. காப்புக்காட்டில் தீ மூட்டுதல் குற்றமாயிற்று. விந்தை என்னவெனில், அந்நூற்றாண்டு முடியுமுன்பே பர்மாவின் தேக்குக் காடுகளில், தீயை அறவே தடுத்த இடங்களில் தேக்கங்கன்றுகள் அருகுகின்றன என்று ஆங்கில வன அலுவலருள்ளேயே வாதம் எழுந்தது.

இலையுதிர் காட்டில் தீ பெரும்பாலும் தரையோடு ஓடுவது. சருகும் புல்லும் எரியும். தடித்த பட்டை கொண்ட முதுமரம் பிழைக்கும். தீ அடங்குமுன்பே கரிச்சான் வந்துவிடும், தப்பிப் பறக்கும் பூச்சிகளைக் கவ்வ! புற்றின் ஆழத்தில் கறையான் உயிரோடிருக்கும். தரையில் முட்டையிடும் கவுதாரிக்கும் மெல்ல நகரும் ஆமைக்கும் அப்பேறு இல்லை. ஒரு கோடைமழை பெய்தால் போதும், மண்ணை ஒட்டிய முனையிலிருந்து புல் கிளம்பும். ஓலை கருகிய ஈச்சம்புதரில் குருத்து எழும். வேங்கையும் நெல்லியும் அடிக்கட்டையில் துளிர்க்கும். இளம்புல்லைத் தேடி மான் வரும். இளஞ்சந்தனம் மட்டும் தீயைத் தாங்குவதில்லை.

முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988 முதல் 50 எக்டேர் பரப்பில் மரங்களை எண்ணிட்டுத் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். தீயில் மாள்பவை பெரும்பாலும் மெல்லிய தண்டுகளே என்பது அங்கு கண்ட உண்மை. ஆகவே ஒரு தீயைக் காடு பொறுக்கும். கன்று வளருமுன் மறுதீ வந்தால் பொறுக்காது. முதுமரங்கள் நிற்பதால் கேடு கண்ணுக்குத் தெரிவதுமில்லை. வெற்றிடத்தை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த உண்ணிச்செடி பிடித்துக்கொள்கிறது. அதுவும் வேரிலிருந்து தளிர்க்க வல்லது.

மொட்டையாய்க் கிடந்த திருவண்ணாமலையில் 1980களின் இறுதியில் மரநடுகை தொடங்கிற்று. நட்டவர்க்குப் பெரும்பகை புல்தீதான். மலையையே நெருப்பென வழிபடும் ஊரில், கோடைக்கு முன் சரிவெங்கும் புல்லைச் சீவித் தீத்தடுப்புக் கோடுகள் இடுகின்றனர். அக்கோட்டிற்கு உட்பட்ட கன்றுகளுள் பல இன்று நிழல் தருகின்றன.