வினவும் முறையும் வெளிப்படும் அறிவும்

உள்ளத்தின் ஆற்றல் தராசில் இட்டு நிறுக்கத்தக்க பொருளன்று. விடையாக வெளிவருவதைக் கொண்டே அதனை மதிப்பிட வேண்டியுள்ளது. ஆதலின், விடை எவ்வகையிற் கோரப்படுகின்றது என்பதும் அளவீட்டின் ஒரு கூறாகிவிடுகின்றது. அறிகை உளவியலின் வரலாறு இவ்வுண்மையைப் பலவிடத்தும் உணர்த்துகின்றது.

ஜேர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் ஞாபகம் பற்றிய தமது ஆய்வை 1885 இல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளை மனனஞ் செய்து, காலங்கழித்து அவற்றையே அவர் மீண்டும் கற்றார். இரண்டாம் முறை கற்பதற்குக் குறைந்த நேரமே தேவைப்பட்டது. நினைவிற்கு வராதவையும் முற்றாக அழிந்துவிடவில்லை என்பதற்கு மிச்சமான அந்நேரமே சான்றாயிற்று.

1960 இல் அமெரிக்க உளவியலாளர் ஜோர்ஜ் ஸ்பேர்லிங் வெளியிட்ட ஆய்வு இன்னுந் தெளிவானது. மூன்று வரிசைகளில் அமைந்த 12 எழுத்துக்களைச் செக்கனின் இருபதில் ஒரு பங்கு நேரம் மட்டுமே அவர் காட்டினார். அனைத்தையும் எழுதுமாறு கேட்டபோது நான்கு அல்லது ஐந்து எழுத்துக்களே கிடைத்தன. ஆயினும், எழுத முடிந்ததிலும் அதிகம் கண்டதாகப் பார்த்தவர்கள் வற்புறுத்தினர். ஸ்பேர்லிங் அக்கூற்றைப் புறக்கணிக்கவில்லை. வினவும் முறையையே மாற்றினார். எழுத்துக்கள் மறைந்தவுடன் உச்சம், இடை, தாழ்வு என்னும் மூவகை ஒலிகளுள் ஒன்று எழும். அது சுட்டும் வரிசையை மட்டும் எழுதினாற் போதும். இப்போது நான்கில் ஏறத்தாழ மூன்று எழுத்துக்கள் சரியாக வந்தன. எவ்வரிசை கேட்கப்படும் என்பது முன்னரே தெரியாதாகையால், 12 இல் ஏறத்தாழ 9 எழுத்துக்கள் அக்கணத்தில் உள்ளத்தில் இருந்தன என்பது பெறப்படும். ஒலி ஒரு செக்கன் தாமதித்தபோது இந்நன்மை மறைந்தது. எழுதி முடிப்பதற்குள் எஞ்சியவை கரைந்துபோவதே முதற் குறைபாட்டின் காரணம்.

1973 இல் லயனல் ஸ்ராண்டிங் வெளியிட்ட ஆய்வில் 10,000 படங்கள் காட்டப்பட்டன. பின்னர், பார்த்த படம், பாராத படம் என இரண்டை முன்வைத்துப் பார்த்ததைத் தெரிவுசெய்யுமாறு கேட்டபோது, நூற்றுக்கு எண்பதிற்கு மேற்பட்ட விடைகள் சரியாயின. அத்தனை படங்களையும் தாமாகவே விவரிக்குமாறு கேட்டிருப்பின் எவர்தாம் இயலுவர்? எனினும், இரண்டில் ஒன்றைத் தெரியும்போது ஊகமும் அரைப் பங்கு வெற்றி தரும். ஆகவே, எம்முறையும் குறையற்றதன்று.

பரீட்சை மண்டபத்திற்கும் இவ்வரலாறு பொருந்தும். கட்டுரை வினாவில் மௌனமான மாணவன் அறியாதவன் என்றோ, பல்தேர்வு வினாவில் வென்றவன் முற்றுமறிந்தவன் என்றோ உடனே துணிதல் தகாது. ஒருவனது அறிவிற்கு எல்லை வகுக்குமுன், வினாவின் எல்லையை ஆராய்தல் நீதியாகும்.