மெகாபைட்டுக்கு மீட்டர் வச்ச கதை

நம்ம ஊர்ல எதுக்கெல்லாம் மீட்டர் உண்டுன்னு ஒரு கணக்கு எடுத்துப் பாருங்க. ஈபி மீட்டர் ஓடும். தண்ணி மீட்டர் சில வீட்ல இருக்கும், ஓடுதான்னு கேட்கக் கூடாது. ஆட்டோ மீட்டர் அழகுக்கு. இது எல்லாத்துக்கும் அப்புறமா வீட்டுக்குள்ள வந்த மீட்டர் ஒண்ணு உண்டு. சுவத்துல தொங்காது, சக்கரம் சுத்தாது, ஆனா பில்லு மட்டும் சரியா வரும். இன்டர்நெட் மீட்டரைத்தான் சொல்றேன்.

"நாங்க அவ்வளவு பாக்கவே இல்லையே, எப்படித் தீர்ந்துச்சு?" என்கிற கேள்வியை பாலக்கரையில குறைஞ்சது இருபது வீட்லயாவது கேட்டிருக்கேன். கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்னு பேர் எடுத்துட்டா இந்தச் சேவை இலவசம் :-) இந்தக் கேள்விக்கு ஒரு பிறந்த தேதி இருக்கு. டயல்-அப் காலத்துல இதை யாரும் கேட்டதே கிடையாது. ஏன் கேட்கலை என்பதில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

இந்தியாவுல பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15. கொடுத்தது விஎஸ்என்எல். சென்னை மாதிரி பெருநகரங்கள்ல மட்டும்தான் முதல்ல. 1998 நவம்பர்ல தனியாருக்கும் கதவு திறந்தாங்க. அப்புறம் 2000 அக்டோபர்ல பிஎஸ்என்எல் பிறந்து, சஞ்சார்நெட் கார்டு கடைக்குக் கடை விற்பனைக்கு வந்தது. இந்தக் காலம் முழுக்க வீட்டு நெட்டுக்கு ஒரே அளவுகோல் தான்: நேரம். இத்தனை மணி நேரம்னு கார்டு வாங்குவோம். அது போதாதுன்னு போன் காலுக்குத் தனி பில். பிரவுசிங் சென்டர்லயும் மணிக் கணக்கு தான்.

நேரத்துக்கு மீட்டர் இருந்தா ஒரு சௌகரியம், அது ஓடுறது வீட்ல எல்லாருக்கும் தெரியும். மோடம் கீச்சுகீச்சுன்னு கத்தும். போன் எங்கேஜ்ட் ஆயிடும். ஊர்ல இருந்து அத்தை கூப்பிட்டு லைன் கிடைக்கலைன்னா, "எவன்டா நெட்ல உக்காந்திருக்கான்?" என்று சத்தம் வரும். எவன் உக்காந்திருக்கானோ அவன்தான் செலவு பண்றவன். துப்பறிய ஒண்ணும் இல்லை. மெதுவா வந்தா எரிச்சல் தான், ஆனா திருட்டு கிடையாது.

இந்த எளிமையை ஒழிச்சது ப்ராட்பேண்ட் (தமிழ் ஆர்வலர்கள் பாஷையில் அகலப்பாட்டை). 2004 அக்டோபர்ல மத்திய அரசு ஒரு ப்ராட்பேண்ட் கொள்கை வெளியிட்டது. அப்போ துறை அமைச்சர் நம்ம தயாநிதி மாறன். 256 கேபிபிஎஸ் வேகம், எப்பவும் தொடர்பில் இருக்கணும், இதுதான் ப்ராட்பேண்டுக்கு அந்தக் கொள்கை கொடுத்த இலக்கணம். 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் "டேட்டாஒன்" என்று கொண்டு வந்தது. அதே செம்புக் கம்பி, அதே போன், ஆனா போனும் பேசலாம், நெட்டும் பாக்கலாம். அத்தைக்கு லைன் கிடைச்சது. சந்தோஷம்!

ஆனா "எப்பவும் தொடர்பில்" என்கிற வார்த்தைக்குள்ள ஒரு மாற்றம் ஒளிஞ்சிருந்தது. எப்பவும் இணைப்புல இருந்தா நேரத்துக்குக் காசு வாங்க முடியாதே? அதனால மீட்டரை மணியில இருந்து கழட்டி மெகாபைட்டுல மாட்டினாங்க. குறைஞ்ச காசு திட்டங்கள்ல மாசத்துக்கு 400 எம்பி, 1 ஜிபி என்கிற மாதிரி அளவு. தாண்டினா ஒவ்வொரு எம்பிக்கும் தனிக் காசு, ஏறத்தாழ ஒரு ரூபாய்னு வச்சுக்கங்க. அதாவது ஒரு ஜிபி தாண்டினா ஆயிரம் ரூபாய். இறக்கினது மட்டும் இல்லை, ஏத்தினதும் கணக்குல சேரும். இந்தக் கடைசி வரியை பாதிப் பேர் படிக்கவே இல்லை.

பத்து நிமிஷம்னா என்னன்னு பாட்டிக்கும் தெரியும். பத்து எம்பின்னா என்ன? ஒரு போட்டோவா, ஒரு பாட்டா, ஒரு நாள் முழுக்க மெயில் பாக்கறதா? வீட்ல யாருக்கும் கைக்கு அடங்காத ஒரு அளவுல பில் வர ஆரம்பிச்சது.

அடுத்தது 2007 ஜனவரி 1. பிஎஸ்என்எல் அளவு வச்ச திட்டங்களுக்கெல்லாம் வேகத்தை 2 எம்பிபிஎஸ் வரைக்கும் கூட்டியது, அதே காசுக்கு. புத்தாண்டுப் பரிசு! எல்லாரும் கொண்டாடினோம். இப்போ கணக்கைப் பாருங்க. 256 கேபிபிஎஸ்ல முழு வேகத்துல இழுத்தா 1 ஜிபி தீர கிட்டத்தட்ட எட்டே முக்கால் மணி நேரம் ஆகும். 2 எம்பிபிஎஸ்ல? ஒரு மணி ஏழு நிமிஷம். வேகம் எட்டு மடங்கு ஆச்சு, மாச அளவு எட்டு மடங்கு ஆகலை. முறை வச்சு தண்ணி விடற கிராமத்துல வாய்க்கால்ல வரத்து கூடினா விவசாயிக்கு லாபம், அதே ஒரு நாழிகையில கூட ரெண்டு பாத்தி நனையும். ஆனா குடத்துக்கு இவ்வளவுன்னு காசு வாங்கினா, வரத்து கூடக் கூட பயம் தான். எங்க ஏரியா வழியா ஓடற உய்யக்கொண்டான் வாய்க்காலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு ஞாபகத்துக்கு வரும்.

அப்போ சில திட்டங்கள்ல ராத்திரி 2 மணியில இருந்து காலை 8 மணி வரைக்கும் கணக்கு கிடையாது. தமிழ்நாட்டுல ஒரு தலைமுறை அலாரம் வச்சு எழுந்து டவுன்லோட் போட்டுட்டுப் படுத்தது இதனால தான். அவங்க கடிகாரமும் நம்ம கடிகாரமும் ஒண்ணா இருக்காது, அதனால 2:10க்கு ஆரம்பி, 7:50க்கு நிறுத்து என்று ஒரு வாய்மொழி சாஸ்திரமே உண்டு. சுப முகூர்த்தம் மாதிரி.

சரி, யாரும் உக்காராதபோது எப்படித் தீரும்? இங்கதான் நம்ம வீடுகள் தடுமாறின. மணி மீட்டர் காலத்துல செலவாளி ஒரு மனுஷன். எம்பி மீட்டர் காலத்துல மெஷினே செலவாளி. ஆனா வீட்ல பழக்கம் மாறலை, பில் கூட வந்தா மனுஷனைத்தான் தேடினாங்க. அதுவும் காலேஜ் படிக்கிற பையன் இருந்தா விசாரணையே கிடையாது, நேரா தீர்ப்பு.

2007 கடைசியில எங்க தெருவுல நடந்தது. பொன்மலை ஒர்க்‌ஷாப்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஒரு சார். கம்பெனி பேர் வேண்டாம், மாசம் 1 ஜிபி இணைப்பு. ரெண்டு மாசம் தொடர்ந்து பென்ஷன்ல கணிசமான துண்டு விழற மாதிரி பில். பையன் பாலிடெக்னிக் ரெண்டாவது வருஷம். "நான் இல்லப்பா"ன்னு அவன் சொன்னதை யாரும் கேட்கலை. சார் கீபோர்டைக் கழட்டி பீரோவுல வச்சுப் பூட்டிட்டார். அவர் மட்டும் காலையில சிஸ்டத்தைப் போட்டு, மவுஸாலேயே ஷேர் மார்க்கெட் விலை பார்ப்பார். வீட்ல ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாடு அம்மா மூலமா, தகவலும் அம்மா மூலமா.

கீபோர்டு பூட்டி பத்து நாள் ஆகியும் கணக்கு ஏறிட்டே இருந்தது. அப்பத்தான் கூப்பிட்டார். "தம்பி, இதுல ஏதோ இருக்கு, கொஞ்சம் வந்து பாருங்க."

கம்பெனி தளத்துல இருந்த உபயோகக் கணக்கைத் திறந்தேன். இறக்கினது கொஞ்சம். ஏத்தினது அதைவிடப் பல மடங்கு. இது தான் துப்பு. ஷேர் விலை பாக்கற வீடும், படம் இறக்கற பையனும் இறக்கத்தான் செய்வாங்க. இவ்வளவு எதை ஏத்தினாங்க? எல்லா ஜன்னலையும் மூடச் சொன்னேன். மோடத்துல விளக்கு அப்பவும் துடிச்சிட்டே இருந்தது. பையனைக் கூப்பிட்டு கீபோர்டை எடுத்து வரச் சொல்லி (சாவி சார் இடுப்புல) "நெட்ஸ்டாட்" கட்டளையைக் கொடுத்தா, பெயரே தெரியாத கம்ப்யூட்டர்களோட டஜன் கணக்குல இணைப்பு, எல்லாம் 25ஆம் நம்பர் கதவு வழியா. 25 என்பது மெயில் அனுப்பற கதவு. வைரஸ் ஒண்ணு உள்ள உக்காந்துகிட்டு உலகத்துக்கே எரிதம் அனுப்பிட்டு இருந்திருக்கு, அவர் பென்ஷன் காசுல. விண்டோஸை அழிச்சு மறுபடி போட்டோம். அடுத்த மாசம் பில் பழைய அளவுக்கு இறங்கிடுச்சு. சார் பையன்கிட்ட மன்னிப்பு எல்லாம் கேட்கலை. கீபோர்டு மட்டும் மறுபடி பீரோவுக்குப் போகலை. அந்தத் தலைமுறை அப்பாக்கள் மன்னிப்பு கேட்கிற விதம் அது.

வைரஸ் மட்டும் தான் வில்லன்னு இல்லை. 2001ல வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே, லைன்ல மிச்சம் இருக்கிற வேகத்தை மட்டும் எடுத்துகிட்டு பின்னணியில இறக்கற ஒரு வசதி உண்டு. உக்காந்திருக்கிறவருக்கு இடைஞ்சல் தெரியக் கூடாதுன்னு நல்ல எண்ணத்துல செஞ்சது. மீட்டர் இல்லாத லைனை மனசுல வச்சு எழுதின நிரல், நம்ம மீட்டர் வீட்ல வந்து ஓடுச்சு. 2004ல வந்த சர்வீஸ் பேக் 2வோட முழுப் பொதி 266 எம்பி. மாசம் 400 எம்பி வச்சிருக்கிறவருக்கு அது மூணுல ரெண்டு பங்கு!

அப்புறம் வை-பை மோடம் வந்தது. பாலக்கரை மாதிரி சுவரோட சுவர் ஒட்டின வீடுகள்ல நம்ம அலை பக்கத்து வீட்டு ஹால்ல தான் நல்லா எடுக்கும். பாஸ்வேர்டு போடாத வீடுகள் ஏராளம். போட்டவங்களும் பழைய வெப் பூட்டைப் போட்டாங்க, அதை உடைக்கிற வழி 2001லயே ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டாச்சு. 2008 ஜூலையில அகமதாபாத் குண்டு வெடிப்புக்கு முன்னாடி போன மின்னஞ்சல், நவி மும்பையில ஒரு அமெரிக்கர் வீட்டு வை-பை வழியாப் போனதுன்னு தெரிஞ்ச பிறகு தான், இது பில்லு விஷயம் மட்டும் இல்லைன்னு நாடே முழிச்சுது.

மோடத்தையே பிடிச்ச கதையும் உண்டு. "அட்மின், அட்மின்" என்கிற ஆலைப் பாஸ்வேர்டை மாத்தாம விட்டிருந்த பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களோட மோடங்கள் 2017 ஜூலையில ஆயிரக் கணக்குல ஒரு நிரல் தாக்குதல்ல செத்துப் போச்சு. கர்நாடகா பக்கம் அடி அதிகம்.

2012ல ட்ராய் தலையிட்டது. அளவு எவ்வளவு, தாண்டினா வேகம் எவ்வளவு குறையும்னு கம்பெனிகள் வெளிப்படையாச் சொல்லணும், நெருங்கும்போது தகவல் அனுப்பணும்னு உத்தரவு. தாண்டினா காசு என்பது போய், தாண்டினா மெதுவாகும் என்பது பரவலாச்சு. பில் அதிர்ச்சி குறைஞ்சுது, அதோட விசாரணையும் குறைஞ்சுது. 2015ல விண்டோஸ் 10 வந்தப்போ, அப்டேட்டை நம்ம லைன்ல இருந்து இணையத்துல முகம் தெரியாதவங்க கம்ப்யூட்டருக்கு ஏத்திக் கொடுக்கிற வசதி, வீட்டுப் பதிப்புல கேட்காமலேயே திறந்து இருந்தது. பத்து வருஷம் முன்னாடின்னா தெருவே கொதிச்சிருக்கும். 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து, 2017ல ஒரு நாளைக்கு 1 ஜிபின்னு ஆனப்போ, ஒரு காலத்துல வீடே சண்டை போட்ட மாச அளவு ஒரு போனோட தினப்படி ஆயிடுச்சு.

இப்போ ஃபைபர் திட்டங்களை "அன்லிமிடெட்"னு விக்கிறாங்க. 2020ல ஜியோவும் பிஎஸ்என்எல்லும் அதுல வச்ச எல்லை 3,300 ஜிபி. யாரால தீர்க்க முடியும்னு தோணும். கணக்குப் போடுங்க. வாசல்ல மாட்டற ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ்ல இருபத்திநாலு மணி நேரமும் மேகத்துக்கு ஏத்தினா ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, மாசத்துக்கு 648. அஞ்சு கேமரா வச்ச கடைவீடு எல்லையைக் கிட்டத்தட்ட தொட்டுடும், ஒரு ஆள் கூட நெட் பாக்காம. எல்லாக் கேமராவும் அப்படி ஏத்தாது, அசைவு இருந்தா மட்டும் அனுப்பறது உண்டு. ஆனா எதுன்னு வாங்கும்போது கேட்கிறவங்க எத்தனை பேர்?

தேடற முறை அன்னைக்கு பார்த்த அதே முறை தான். முதல்ல ஏத்தினது எவ்வளவு, இறக்கினது எவ்வளவுன்னு பிரிச்சுப் பாருங்க. ஏத்தினது பெருசா இருந்தா கேமரா, போனோட போட்டோ பேக்கப், டோரண்ட், வைரஸ், இந்த நாலுக்குள்ள தான் பெரும்பாலும். இறக்கினது பெருசா இருந்தா டிவியைச் சந்தேகப்படுங்க. நெட்ஃபிளிக்ஸ் சொல்ற கணக்குப்படியே எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரைக்கும், 4கே 7 ஜிபி வரைக்கும் இழுக்கும். ரவுட்டர் பக்கத்துல எத்தனை கருவி இணைஞ்சிருக்குன்னு பட்டியல் இருக்கும், வீட்ல இருக்கிறதோட எண்ணிப் பாருங்க. கூட இருந்தா பாஸ்வேர்டை மாத்துங்க, எல்லாரையும் புதுசா உள்ள விடுங்க. அப்புறம் ராத்திரி படுக்கும்போது உபயோக எண்ணை ஒரு சீட்டுல எழுதி வச்சு, காலையில எழுந்ததும் மறுபடி பாருங்க. எல்லாரும் தூங்கின நேரத்துல எவ்வளவு போச்சுன்னு தெரியும். போயிருந்தா அடுத்த ராத்திரி ஒரு கருவியை அணைச்சிட்டுப் படுங்க, அதுக்கு அடுத்த ராத்திரி இன்னொண்ணு. எங்க வீட்ல நாலு ராத்திரி ஆச்சு. டிவியோட ரிமோட்டை அணைச்சாலும் பெட்டி அணையாம உள்ள படத்தை ஓட்டிட்டே இருந்திருக்கு.