மலைநாட்டில் உருண்ட கட்டைகள்

கனடாவில் வாழும் பதுளை நண்பர் ஒருவர், நயாகராவிலுள்ள சூதாட்ட விடுதியொன்றில் 'கிராப்ஸ்' மேசையைப் பார்த்துவிட்டு, அதன் கோடுகளுக்கும் கட்டங்களுக்கும் பொருள் என்னவென்று எழுதிக் கேட்டிருந்தார். ஊவா மலைகளில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்த மேசை புதிதாக இருக்கலாம். அதன் பின்னாலுள்ள கணக்கு புதிதன்று. நமது தோட்டத் திருவிழாக்களில், தரையில் விரித்த சாக்கின் மேல், பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்தக் கணக்கு பல தலைமுறைகளாக உருண்டிருக்கிறது.

சூது தமிழருக்கு வெள்ளையர் கொண்டுவந்து கொடுத்த பொருளல்ல. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் முழுவதும் சூதைப் பற்றியதே. தாயக்கட்டை நம் வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு. மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் 'அருச்சுனன் தபசு' கூத்தைப் பார்த்தவர்கள், கம்பத்தில் ஏறித் தவமிருக்கும் அருச்சுனன் எதனால் காட்டுக்கு வந்தான் என்பதையும் அறிவார்கள். சகுனி உருட்டிய கட்டைதான் அவனைக் கம்பத்தில் ஏற்றியது. சூதின் முடிவை விடிய விடியக் கூத்தாகப் பார்த்த அதே மைதானத்தின் ஓரத்தில்தான் பணம் வைத்துக் கட்டை உருட்டுவதும் நடந்தது.

எண்பதுகளில் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் திருவிழாவில் நான் கண்டது, ஆறு படங்கள் வரைந்த ஒரு துணியும் மூன்று கட்டைகளும். கிரீடம், நங்கூரம், ஆட்டீன், டயமன், இஸ்பேட், கிளாவர் என்பவையே அப்படங்கள். தமிழ்நாட்டில் இதனை 'லங்கர் கட்டை' என்பர். 'லங்கர்' என்பது நங்கூரத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். பிரித்தானியக் கடற்படையினர் விரும்பி ஆடிய ஆட்டம் இது. அவர்களோடும் படைவீரர்களோடும் கடல் கடந்து பரவியது. அக்கடற்படையின் ஓய்வு முகாமொன்று நம் தியத்தலாவையில் இருந்ததை ஊவா வாசகர்கள் அறிவர்.

ஆட்டம் எளிது. ஒரு படத்தின் மேல் பணம் வைக்க வேண்டும். உருளும் மூன்று கட்டைகளில் ஒன்றில் அப்படம் விழுந்தால் வைத்த பணத்தின் அளவு இலாபம். இரண்டில் விழுந்தால் இரு மடங்கு. மூன்றிலும் விழுந்தால் மூன்று மடங்கு. ஆறு படங்கள், மூன்று கட்டைகள். ஆகவே வெற்றிக்குப் பாதி வாய்ப்பு என்று ஆடுபவர் எண்ணிக்கொள்கிறார். ஏமாற்றம் இங்கேதான் இருக்கிறது. மூன்று கட்டைகளும் 216 விதமாக விழலாம். அவற்றில் 125 விதங்களில் நாம் வைத்த படம் ஒன்றிலுமே வராது. 75 விதங்களில் ஒரு முறையும், 15 விதங்களில் இரு முறையும், ஒரேயொரு விதத்தில் மும்முறையும் வரும். ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு ரூபா வைத்ததாகக் கூட்டிப் பார்த்தால், வரவு 108, செலவு 125. மீதி 17 ரூபா கட்டை உருட்டுபவனுக்கு. நூற்றுக்கு ஏறத்தாழ 7.9 வீதம். அவன் மோசடி செய்ய வேண்டியதே இல்லை. நேர்மையாக உருட்டினாலே போதும்.

இனி நண்பர் கேட்ட மேசைக்கு வருவோம். 'ஹசார்ட்' என்ற பழைய ஆங்கிலச் சூதிலிருந்து கிளைத்தது கிராப்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்னார்ட் டி மரினி என்ற செல்வந்தர் அதனை நியூ ஓர்லியன்ஸ் நகரில் பரப்பியதாகக் கூறுவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் அதனைத் தம் கம்பளிப் போர்வைகளின் மேல் ஆடினர்.

இதில் இரண்டு கட்டைகள். அவை 36 விதமாக விழலாம். அவற்றில் 7 மட்டும் ஆறு விதங்களில் வரும். ஆட்டம் முழுவதும் இந்த ஏழைச் சுற்றியே நடக்கிறது. 'பாஸ் லைன்' என்ற கோட்டில் பணம் வைத்தால், முதல் உருட்டலில் 7 அல்லது 11 விழுந்தால் வெற்றி. 2, 3, 12 விழுந்தால் தோல்வி. 4, 5, 6, 8, 9, 10 ஆகியவற்றுள் ஒன்று விழுந்தால் அதுவே 'பொயின்ட்' ஆகும். அதன்பின் 7 வருமுன் அந்த எண் மீண்டும் வந்தால் வெற்றி. 7 முந்திக்கொண்டால் தோல்வி. இங்கு விடுதியின் இலாபம் நூற்றுக்கு 1.41 மட்டுமே. பொயின்ட் விழுந்தபின் அதன் பின்னால் வைக்கும் 'ஒட்ஸ்' பந்தயத்தில் விடுதிக்கு இலாபமே கிடையாது. ஆனால் மேசையின் நடுவே பளிச்சென்று வரைந்திருக்கும் கட்டங்கள் வேறு வகை. அடுத்த உருட்டலிலேயே 7 விழும் என்று பந்தயம் கட்டினால் ஒன்றுக்கு நான்கு தருவார்கள். நியாயப்படி தர வேண்டியது ஐந்து. அங்கே விடுதியின் பங்கு 16.67 வீதம். கவர்ச்சி கூடிய கட்டத்தில் இழப்பும் கூடுதல் என்பதே புதியவர் அறிய வேண்டிய முதற்பாடம்.

அப்படியானால் நூற்றுக்கு எட்டு வீதம் பெரிய இழப்பா என்று சிலர் கேட்கலாம். இந்த வீதம் கையிலுள்ள பணத்திற்கல்ல. ஒவ்வொரு முறையும் வைக்கும் பணத்திற்கு. 2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்டது. ஆயிரத்தோடு படத்துணியின் முன் அமரும் ஒருவர், முறைக்கு 100 ரூபாவாக ஓர் இரவில் நூறு முறை வைத்தால், பந்தயத்தில் புரண்ட பணம் 10,000 ரூபா. சராசரி இழப்பு 787 ரூபா. அன்று மலையில் பறித்த கொழுந்தின் கூலியில் முக்கால் பங்குக்கு மேல் சாக்கிலேயே தங்கிவிடும்.

சட்டம் இதனை எவ்வாறு பார்த்தது? 1889 ஆம் ஆண்டு நம் வரலாற்றில் கவனிக்கத்தக்கது. இந்தியத் தோட்டத் தொழிலாளர் பற்றிய 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், சூதாட்டம் பற்றிய 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அந்த ஒரே ஆண்டில் வந்தவை. பின்னையது தெருவிலும் பொதுமக்கள் புழங்கும் இடங்களிலும் பணம் வைத்து ஆடுவதைக் குற்றமாக்கியது. ஆனால் துரைமார் நுவரெலியாவில் 1875 முதலே குதிரைப் பந்தயம் நடத்திவந்தனர். சாக்கு விரித்தவன் குற்றவாளி. பந்தயத் திடலில் தொப்பியணிந்து நின்றவர் கனவான்.

அக்காலத் தொழிலாளி கட்டையைத் தொடுமுன்பே கடனாளியாயிருந்தான் என்பதையும் மறக்கலாகாது. கங்காணியிடம் வாங்கிய முற்பணம் 'துண்டு' என்ற சீட்டில் எழுதப்பட்டு, தோட்டம் மாறினாலும் அவனைத் தொடர்ந்தது. 1921 இல்தான் அம்முறை ஒழிக்கப்பட்டது. கடனை ஒரே இரவில் அடைத்துவிடலாம் என்ற நப்பாசை அத்தகையவனுக்கு எழுந்ததில் வியப்பில்லை. சூது வறியவனிடம் விற்பது விளையாட்டையல்ல, அந்த நப்பாசையைத்தான்.

1889 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் ஏற்பாட்டுடன், 2025 இல் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகார சபைச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டங்கள் மாறலாம். 216க்கு 125 என்ற கணக்கு மட்டும் எந்தப் பாராளுமன்றத்துக்கும் கட்டுப்படாது. தோட்டப் பாடசாலைகளில் நிகழ்தகவு கற்பிக்கும் ஆசிரியர்கள், பாடநூலின் நாணயத்தை ஒரு நாள் ஒதுக்கிவைத்துவிட்டு, மூன்று கட்டைகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் போதும். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.